பேரிடரும் அரசும் நாமும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விக் கழகத்தின் விழாவில் புயலைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே நம் துணிபு. இயற்கைக்குச் சாதி தெரியாது என்பர். அது மெய்யே. ஆயினும் மேட்டில் எவர் குடியிருப்பு, பள்ளத்தில் எவர் குடியிருப்பு என்பதை வகுத்தது இயற்கையன்று, மனிதன். ஏரி உடைந்தால் முதலில் நீர் புகும் இடத்திலும், ஓடை பெருகினால் வழி துண்டிக்கப்படும் இடத்திலும் நம் மக்களின் தெருக்கள் அமைந்திருப்பது தற்செயல் அன்று. எனவே பேரிடரை அரசு எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை அறிவது, நமக்குப் பொது அறிவு மட்டுமன்று, உயிர்க்காப்பும் ஆகும்.

இவ்வுரையில் நாம் வலியுறுத்த விழைவது ஒன்றே. நிவாரணம் புயலுக்குப் பின் தீர்மானிக்கப்படுவதன்று. புயலுக்கு முன்னரே, பட்டியலிலும் வரைபடத்திலும் பதிவேட்டிலும் அது பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டு விடுகிறது. அவ்வேடுகளை வாசிக்கத் தெரிந்தவர்களாக நாம் ஆக வேண்டும்.

பஞ்சத்தில் தொடங்கிய வரலாறு

நம் நாட்டில் அரசு பேரிடரைத் தன் பொறுப்பாக ஏற்றதன் தொடக்கத்தைப் பஞ்சத்தில் காண்கிறோம். 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டியதும், தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நினைவில் நின்றதுமான கொடும்பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பர். நிலமற்ற கூலி உழைப்பாளரே முதலில் வீழ்ந்தனர். அக்காலத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், உடலுழைப்பாளிக்கு அவ்வளவு உணவு போதாது என்று எதிர்த்து வாதாடினார். சென்னை நகரில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, இப்பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பெற்றதே ஆகும்.

இதன்பின் பஞ்சக் குழு அமைக்கப்பெற்று, 1880-இல் அறிக்கை தந்தது. அதனின்று பிறந்தவை பஞ்ச விதித்தொகுப்புகள். எந்த அறிகுறி தோன்றினால் பஞ்சம் எனக் கொள்வது, எப்பொழுது வேலை தொடங்குவது, எவர்க்கு எவ்வளவு அளப்பது என்பனவற்றை அவை வரையறுத்தன. அது முன்னேற்றமே. எனினும் அவ்விதிகளில் நிவாரணம் ஆள்வோரின் கருணையாகவே இருந்தது; ஆளப்படுவோரின் உரிமையாக இல்லை.

அண்ணல் அம்பேத்கரும் ஆற்று வெள்ளமும்

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியலமைப்பின் சிற்பியாக நாம் அறிவோம். வெள்ளத் தடுப்பில் அவருக்கு இருந்த பங்கை நம்மில் பலர் அறியோம்.

1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கினார். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அக்காலத்தில் அத்துறையின் கீழ் இருந்தன. 1943 ஜூலையில் தாமோதர் ஆறு கரையுடைத்துப் பெருகி, இரயில் பாதைகளையும் சாலைகளையும் அரித்தது. கல்கத்தா நகரம் பல வாரங்கள் தொடர்பிழந்து தவித்தது. கரையை உயர்த்துவதோடு நின்றுவிடாமல், ஆற்றுப் படுகை முழுவதையும் ஒன்றாகக் கொண்டு திட்டமிட வேண்டும் என்ற நோக்கில், 1945 ஜனவரியிலும் ஆகஸ்டிலும் கல்கத்தாவில் நடந்த மாநாடுகளுக்கு அவர் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் கனியாக 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் எழுந்தது.

1945 நவம்பர் 8 அன்று கட்டாக் நகரில் ஒரிசாவின் ஆறுகள் குறித்த மாநாட்டிலும் அவரே தலைமை வகித்தார். வெள்ள நீரை எப்படியேனும் கடலுக்குத் தள்ளிவிட வேண்டிய பகையாகவே முந்தைய குழுக்கள் கருதி வந்தன. அண்ணலோ, நீர் மிகுதியாக இருப்பது கேடன்று. அதைத் தேக்கிப் பாசனத்திற்கும் மின்சாரத்திற்கும் பயன்படுத்தாமையே கேடு என்னும் கருத்தை முன்வைத்தார். மகாநதியின் குறுக்கே ஹிராகுட் அணை 1957-இல் நிறைவுற்றது. அவ்வணையால் ஊரிழந்த குடும்பங்களும் பல என்பதை மறைத்தல் தகாது. தடுப்பு வேலையிலும் எளியோரே விலை தருகின்றனர் என்பது அதன் பாடம். எனினும், துன்பம் வந்தபின் கஞ்சி வார்ப்பதோடு அரசின் கடமை முடிவதில்லை. துன்பம் வாராமல் தடுப்பதும் அதன் கடமையே என்ற கொள்கையை நடைமுறையில் நிறுவியவர்களுள் அண்ணலும் ஒருவர் என்பதில் ஐயமில்லை.

இன்றைய அமைப்பு

விடுதலைக்குப் பின் நெடுங்காலம் இயற்கைப் பேரிடர் மத்திய வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்தது. வறட்சியே பெருந்துயர் எனக் கருதப்பட்டமை அதற்குக் காரணம். 1999-இல் ஒரிசாப் பெரும்புயல், 2001-இல் குஜராத் நிலநடுக்கம், 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை என அடுத்தடுத்து வந்த பேரழிவுகள் நாட்டை உலுக்கின. இதனிடையே பொறுப்பு உள்துறை அமைச்சகத்திற்கு மாறியது. 2005-ஆம் ஆண்டில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பெற்றது.

இச்சட்டத்தின்படி, நாட்டளவில் பிரதமரைத் தலைவராகக் கொண்ட தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் உண்டு. மாநிலத்தில் முதலமைச்சர் தலைமையில் மாநில ஆணையம். மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஆணையம். மாவட்ட ஆணையத்தில் உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பெற்ற பிரதிநிதியும் இணைத் தலைவராக அமர்கிறார். ஒவ்வொரு மாவட்டத்திற்கும் எழுத்து வடிவிலான பேரிடர்த் திட்டம் இருத்தல் வேண்டும். 2025-இல் இச்சட்டம் திருத்தப்பெற்றபொழுது, பெருநகரங்களுக்கு நகர்ப்புற ஆணையங்களும், மாநிலங்களுக்கு மீட்புப் படைகளும் அமைக்க வழி செய்யப்பெற்றது.

இவ்வமைப்பின் உறுப்புகளை மூன்றாகக் கொள்ளலாம்.

முதலாவது, எச்சரிக்கை. 1875-இல் தொடங்கப்பெற்ற இந்திய வானிலை ஆய்வுத் துறை புயலைக் கண்காணிக்கிறது. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டினை நாம் அறிவோம். 2004-இல் சுமத்ராவில் நிலம் நடுங்கியது நம் கடிகாரப்படி காலை 6-29 மணிக்கு. அலை நம் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. சொல்வார் இல்லாமையால் அந்நேரம் வீணாயிற்று. 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது.

இரண்டாவது, மீட்புப் படை. 2006-இல் எட்டு அணிகளுடன் தொடங்கிய தேசியப் பேரிடர் மீட்புப் படை பின்னர்ப் பதினாறு அணிகளாக வளர்ந்தது. அவற்றுள் நான்காம் அணி நம் அரக்கோணத்தில் உள்ளது.

மூன்றாவது, நிதி. பதினைந்தாம் நிதிக் குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் இடர்ப்பாட்டு நிதியாக 1,60,153 கோடி ரூபாயை வகுத்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு நிவாரணத்திற்கும் மீட்புக்கும்; ஒரு பங்கு இடர்த் தணிப்புக்கு. பெரும்பாலான மாநிலங்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கை மத்திய அரசும், இருபத்தைந்து பங்கை மாநில அரசும் ஏற்கின்றன.

ஆயத்தத்தின் பயன்

இவையெல்லாம் ஏட்டளவில் நின்றனவா, பயன் தந்தனவா என்று கேட்பீர்களாயின், ஒடிசா விடை தருகிறது. 1999 அக்டோபர் 29 அன்று வீசிய பெரும்புயலில் அம்மாநிலம் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களை இழந்தது. அவ்வாண்டே பேரிடருக்கெனத் தனி அமைப்பை அது ஏற்படுத்திற்று. கடற்கரை நெடுகப் புயற் புகலிடங்கள் எழுந்தன. இன்று எண்ணூறுக்கும் மேற்பட்டவை உள்ளன. ஊர்தோறும் தொண்டர்கள் பயிற்சி பெற்றனர். 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபொழுது பத்து இலட்சத்தை ஒட்டிய மக்கள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டனர். 2019 மே 3 அன்று ஃபானி புயல் கரை கடந்தபொழுது வெளியேற்றப்பட்டோர் சுமார் பன்னிரண்டு இலட்சம். உயிரிழந்தோர் அறுபதைச் சற்றே கடந்தனர். ஓர் உயிரும் பெரிதே. எனினும் பத்தாயிரம் எங்கே, அறுபது எங்கே! முன்னேற்பாட்டின் வலிமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆனால் அதே ஃபானி புயலின்போது, புரி மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் சில புகலிடத்தினுள் விடப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. செயற்கைக்கோள் புயலைக் கண்டது, வானொலி அறிவித்தது, அரசு கட்டடம் கட்டியது. கதவை மறித்தது சாதி.

நிவாரணத்தில் நிகழ்ந்தவை

2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர். அவர்களுள் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். மீனவ மக்களின் இழப்பே பேரிழப்பு. அவர்கள் பெற்ற உதவியைக் குறித்து நமக்கு ஒரு சொல்லும் இல்லை. அது அவர்களுக்கு உரியது. நாம் சுட்டுவது வேறு. கடல்நீர் வயல்களில் புகுந்து மண் உவராகியபொழுது, அவ்வயல்களில் கூலி செய்தவர்கள் வேலையிழந்தனர். படகும் வலையும் தமக்கென இல்லாமையால் பலர் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் இடம் பெறவில்லை. சில முகாம்களில் நம் மக்களுக்குத் தங்குமிடமும் பொதுக் குடிநீரும் மறுக்கப்பட்டமையை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அதே வேளையில், சிதைந்த உடல்களை எடுத்து அடக்கம் செய்யப் பிற ஊர்களின் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் பெரும்பாலும் எச்சமூகத்தினர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இறந்தோரைத் தொட நம் கைகள் வேண்டும். உயிரோடிருப்போர் குடிக்கும் குழாயைத் தொட நம் கைகள் ஆகா. இம்முரண் நம் நெஞ்சைச் சுடுகின்றது.

ஓராண்டிற்குப் பின் வந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61-ஆம் பிரிவை, இங்குள்ள ஒவ்வோர் இளைஞரும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டுகிறோம். பேரிடரால் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடும் நிவாரணமும் வழங்குகையில் பால், சாதி, சமூகம், பிறப்பு வழி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் வேறுபாடு காட்டலாகாது என்பதே அப்பிரிவின் பொருள். அரசியலமைப்பின் 15-ஆம், 17-ஆம் கூறுகளில் அண்ணலும் அவர்தம் தோழர்களும் பொறித்த நெறி, பேரிடர் முகாமின் வாயில் வரை வந்து சேர்ந்ததாகவே இதனைக் கொள்ள வேண்டும். அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு, உறைவிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு ஆகியவற்றில் குறைந்த அளவுத் தரங்களைத் தேசிய ஆணையம் வகுக்க வேண்டும் என்றது. கொரோனா பெருந்தொற்றில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு உதவித் தொகை குறித்த நெறிமுறை வகுப்பது அப்பிரிவின்படி ஆணையத்தின் கட்டாயக் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று தீர்ப்பளித்தது. அதன் விளைவாகவே குடும்பம் ஒன்றுக்கு 50,000 ரூபாய் அறிவிக்கப்பெற்றது. கருணை என்று இருந்தது கடமை என்று ஆன வரலாறு இதுவாகும்.

ஒரு சொல்லின் விலை

சட்டம் வேறுபாடு காட்டாதிருக்கலாம். ஆயினும் விதியில் உள்ள ஒரு சொல் வேறுபாட்டை விளைவிக்கக் கூடும். 2022 முதல் 2026 வரையிலான காலத்திற்கு மத்திய அரசு வகுத்த நிவாரண அளவுகளைப் பாருங்கள். சமவெளியில் முற்றிலும் அழிந்த வீட்டிற்கு, அது கல்வீடாயினும் மண்வீடாயினும், 1,20,000 ரூபாய். அழிந்தது குடிசை எனில் 8,000 ரூபாய். கீற்றும் மண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் கொண்டு அமைந்த தற்காலிக உறைவிடமே குடிசை என்பது அதன் விளக்கம். இரண்டிற்கும் இடையே பதினைந்து மடங்கு வேறுபாடு! மண்சுவர் எழுப்பிக் கீற்று வேய்ந்து இருபது ஆண்டுகள் வாழ்ந்த இல்லத்தைக் கணக்கெடுக்க வருபவர் ‘வீடு’ என்று எழுதுவாரா, ‘குடிசை’ என்று எழுதுவாரா? புயலில் சுவர் கரைந்த பின், அங்குச் சுவர் இருந்தது என்பதற்குச் சான்று எங்கே?

இது போன்றதே உடைமையின் கணக்கும். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல், காவிரிப் படுகையில் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. மரத்திற்கு உரியவர் மரத்தின் இழப்பைக் காட்டலாம். அம்மரத்தில் ஏறியும், காய் உரித்தும், கீற்று முடைந்தும் பிழைத்தவர் எதைக் காட்டுவார்? விழுந்த மரத்தை எண்ணுவது எளிது. விழுந்து போன வேலை நாள்களை எண்ணுவதற்கு ஆள் இல்லை. வாழ்வாதாரம் இழந்தோர்க்கு உதவ விதிகளில் இடமுண்டு. அவ்விடத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்பவர் இல்லையேல் அது வெற்றிடமாகவே நிற்கும்.

நாம் செய்யற்பாலன

ஆகவே, குறை கூறுவதோடு நில்லாது, நம் கழகமும் இளைஞர்களும் மேற்கொள்ளத்தக்க பணிகளை முறையே கூறுகின்றோம்.

ஒன்று: ஆவணங்களைக் காத்தல். குடும்ப அட்டை, சாதிச் சான்று, வீட்டு வரி இரசீது, மின் கட்டணச் சீட்டு, பட்டா ஆகியவற்றின் படிகளை நீர் புகாத உறையில் வைக்க வேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முன், சுவரும் கூரையும் தெரியும்படி ஒவ்வொரு வீட்டையும் நம் இளைஞர்கள் கைப்பேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும். ஒரு நாள் வேலை. ஒரு தெருவே காப்பாற்றப்படும்.

இரண்டு: திட்டத்தில் இடம் பெறுதல். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. நம் தெருவிலிருந்து புகலிடத்திற்குச் செல்லும் வழி எது? புகலிடமாகக் குறிக்கப்பெற்ற கட்டடம் எது? அதன் சாவி யாரிடம் உள்ளது? நம் தெருவின் வடிகால் தூர் வாரப்பெற்றதா? இவ்வினாக்களை எழுப்பித் தீர்மானமாகப் பதியச் செய்ய வேண்டும். சாவி யாரிடம் என்னும் வினாவைச் சிறிதென எண்ணாதீர்கள். நள்ளிரவில் காற்று எழும்பொழுது அதுவே பெரிது.

மூன்று: பட்டியலைச் சரிபார்த்தல். பேரிடர் நேர்ந்தபின் கணக்கெடுக்க வரும் அலுவலருடன் நம் படித்த பிள்ளைகள் உடன் செல்ல வேண்டும். பெயர் விடுபட்டால் வாய்மொழியாக மன்றாடாமல், வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படிப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் பட்டியலைக் கேட்கலாம். முப்பது நாள்களுக்குள் விடை தர வேண்டும். பொதுக் குடிநீரோ முகாமோ சாதியால் மறுக்கப்படின், 61-ஆம் பிரிவோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நமக்குத் துணை நிற்கும். அதே வேளையில், இழக்காததை இழந்ததாகக் கூறாதிருப்போம். பொய்யாக நிவாரணம் கோருவோர்க்கு ஈராண்டு வரை சிறை உண்டு என்பது ஒருபுறம். ஒருவரின் பொய், உண்மையில் இழந்த பத்துப் பேரின் சொல்லையும் ஐயத்திற்கு உள்ளாக்கும் என்பது அதனினும் பெரிது.

நான்கு: பயிற்சி பெறுதல். முதலுதவி, நீச்சல், மீட்பு ஆகியவற்றில் பொதுமக்களுக்குப் பயிற்சி தர, ‘ஆப்த மித்ரா’ என்னும் திட்டத்தைத் தேசிய ஆணையம் கொணர்ந்தது. நாடெங்கும் 350 மாவட்டங்களில் ஓர் இலட்சம் தொண்டர்கள் என்பது அதன் இலக்கு. இத்தகைய பயிற்சிகளில் நம் ஆண்களும் பெண்களும் முன்னின்று சேர வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070, மாவட்ட அறையின் எண் 1077. இவ்விரண்டும் நம் தெருவின் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்பெற வேண்டும். மீட்கப்படும் மக்கள் என்றே எண்ணப்பட்டு வந்த நாம், மீட்கும் மக்களாகவும் எழுதல் வேண்டும். ஊரார் அனைவரையும் நம் படகு ஏற்றும். ஏறுபவரின் சாதியை அது கேளாது.

ஐந்து: உயர்கல்வி. வானிலை இயல், நீரியல், கட்டடப் பொறியியல், வருவாய்த் துறைத் தேர்வுகள் ஆகியவற்றில் நம் பிள்ளைகள் ஈடுபட வேண்டும். வீடு என்றும் குடிசை என்றும் எழுதும் பேனா ஒரு நாள் நம் பிள்ளையின் கையிலும் இருத்தல் வேண்டும். அன்று அவர் நம்மவர்க்குச் சலுகை காட்ட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும் என்றே கேட்கின்றோம்.

பெரியோர்களே, இளைஞர்களே! இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வந்துள்ளது. எழுத்தறிவின் பயன் தேர்ச்சியும் பதவியும் மட்டும் அல்ல. வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில், கணக்கெடுக்க வருபவர் முன் நம் அன்னையொருத்தி நிற்கும்பொழுது, அவள் அருகில் பட்டியலைப் படித்துப் பார்க்கும் ஒரு பிள்ளை நிற்க வேண்டும். அடுத்த மழைக்காலத்திற்குள் அத்தகைய பிள்ளைகள் ஐவரையேனும் தெருவிற்கொருவராகப் பயிற்றுவிக்கும் பணியை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே கழகம் தொடங்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

வாழ்க கழகம்! வளர்க அதன் தொண்டு!